ஐயுறும் கணிப்பொறிகள்

பிழைப்பை நாடி வெளிநாடு செல்லும் பிள்ளையை வழியனுப்ப ஒருமுறையேனும் விமான நிலையம் சென்றிராத குடும்பம் நம் ஊர்களில் அரிது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் மறையும்வரை நின்றுவிட்டு, வாடகை வண்டியில் ஊர் திரும்பும் பெற்றோர், அன்றிரவு கடிகாரத்தைப் பார்த்தவாறே விழித்திருப்பர். 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்னும் சொல் தொலைபேசியில் ஒலித்த பின்னரே அவ்வீட்டில் மூச்சு சீராகும். இடைப்பட்ட நாலைந்து மணி நேரம் அப்பிள்ளையின் உயிரை யாரிடம் ஒப்படைத்திருந்தோம் என்று கேட்டால், விமானியிடம் என்றே பலரும் கூறுவர். அவ்விடை தவறன்று, ஆயின் முழுமையும் அன்று. விமானியின் கைக்கும் விமானத்தின் சிறகுக்கும் இடையே இன்று கணிப்பொறிகள் அமர்ந்திருக்கின்றன.

தமிழ் பயிற்றும் நமக்கு இயந்திரக் கலையில் என்ன வேலை என்று மாணவர்கள் வினவக்கூடும். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் நம்மிடம் பயின்ற இயற்பியல் மாணவர் ஒருவர் விமானப் பராமரிப்புத் துறையில் பணியாற்றுகிறார். விடுமுறையில் அவர் வரும்போதெல்லாம் நாம் கேட்டுத் துளைத்த கேள்விகளும், அவர் பொறுமையோடு அளித்த விடைகளும், அவற்றின் தூண்டுதலால் தேடிப் பயின்ற விபத்து விசாரணைச் செய்திகளுமே இக்கட்டுரைக்கு முதல்.

முற்காலத்து விமானங்களில் விமானி கைப்பிடியை இழுத்தால், எஃகு வடங்களும் கப்பிகளும் அவ்விழுப்பை வால்வரை கொண்டுசென்றன. விமானங்கள் பெருக்கப் பெருக்க நீர்ம அழுத்தம் துணைக்கு வந்தது. ஒலியினும் விரைந்து பறந்த கான்கார்டில் வடங்களின் பணியை மின்குறிப்புகள் ஏற்றன. அதற்கடுத்த பெரும்படி, 1987-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள் பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் முதன்முதலாக வானேறிய ஏர்பஸ் ஏ-320 ஆகும். மறு ஆண்டே பயணிகளைச் சுமக்கத் தொடங்கிய அவ்விமானத்தில், விமானியின் முழங்கால்களுக்கிடையே நிற்கும் பெரிய தண்டு இல்லை. இருக்கையின் பக்கத்தே ஒரு சிறு கைப்பிடி மட்டுமே உண்டு. அதனை அசைப்பது ஆணையன்று, விண்ணப்பம் எனலாம். கணிப்பொறி அவ்விண்ணப்பத்தைப் பெற்று, விமானத்தின் வேகத்தையும் நிலையையும் கருதி, சிறகின் மடிப்புகளையும் வாலையும் எவ்வளவு அசைப்பது என்று தானே முடிவு செய்கிறது. இயல்பு நிலையில், விமானி கைப்பிடியை எல்லைவரை சாய்த்துப் பிடித்தாலும் 67 பாகைக்குமேல் விமானம் பக்கவாட்டில் சரிய அது இசைவதில்லை.

இத்துணை அதிகாரம் பெற்ற பொறி பிழை செய்துவிட்டால்? இக்கேள்விக்கு வடிவமைப்பாளர்கள் கண்ட விடைதான் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. ஒரு கணிப்பொறியைக் குறையற்றதாக ஆக்க முடியும் என்று அவர்கள் நம்பவில்லை. ஆதலின் ஏழு வைத்தனர். எலாக் எனப்படுபவை இரண்டு. செக் எனப்படுபவை மூன்று. ஃபாக் எனப்படுபவை இரண்டு. எலாக்கை ஒரு நிறுவனம் செய்தது; செக்கை வேறொரு நிறுவனம் செய்தது. முன்னதில் மோட்டரோலாவின் 68010 என்னும் நுண்செயலி. பின்னதில் இன்டெலின் 80186. அதனோடும் அவர்கள் நிறைவு கொள்ளவில்லை. ஒவ்வொரு கணிப்பொறிக்குள்ளும் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று கட்டளையிடும், மற்றொன்று அதனைக் கண்காணிக்கும். எலாக், செக் இரண்டிலும் இவ்விரு பகுதிகளுக்கும் தனித்தனி நிரல்கள். ஒரே கணக்கை இரண்டும் தனித்தனியே போட்டு, விடைகள் வரம்புமீறி வேறுபட்டால், அக்கணிப்பொறி வாதாடிக்கொண்டிராமல் பணியிலிருந்து விலகிக்கொள்ளும், அடுத்தது பொறுப்பேற்கும். யாவும் கைவிட்ட நிலையிலும், வாலின் கிடைத்தளத்தைத் திருப்ப ஒரு கைச்சக்கரமும் காலால் இயக்கும் சுக்கானும் எஞ்சியிருக்குமாறு அந்நாளில் அமைத்தனர்.

நல்லதொரு நிரலை எழுதி ஏழு படிகள் எடுத்திருந்தால் செலவு மிஞ்சியிருக்குமே என்று மாணவரிடம் கேட்டோம். அவர் நகைத்தார். ஒருவன் விடைத்தாளைப் பார்த்து எழுவர் எழுதினால் எழுவரிடமும் ஒரே பிழை இருக்கும் என்பதைத் தேர்வறைக் கண்காணிப்பில் முடி நரைத்த நமக்கு அதன்பின் எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1995-இல் பணிக்கு வந்த போயிங் 777 விமானத்திலும் இக்கொள்கை உண்டு. அதன் மூன்று முதன்மைக் கணிப்பொறிகள் ஒவ்வொன்றினுள்ளும் வெவ்வேறு நிறுவனங்களின் நுண்செயலிகள் மும்மூன்று அமர்ந்து ஒன்றையொன்று ஒப்பிடுகின்றன.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. ஆராயாமல் நம்புதலையும், நம்பியபின் ஐயுறுதலையும் ஒருங்கே கடிகிறார் வள்ளுவர். அரசனுக்கு அது பொருந்தும். ஏ-320-ஐ வடிவமைத்தோரோ முன்னதைக் கைக்கொண்டு பின்னதை வேண்டுமென்றே மீறினர். ஆய்ந்து தேர்ந்து அமர்த்திய கணிப்பொறியை, பறக்கும் ஒவ்வொரு நொடியும் அவர்கள் ஐயுறுகின்றனர். இயந்திரத்துக்கு மனம் புண்படுவதில்லை என்பது அவர்களுக்கு வாய்ப்பான செய்தி.

ஒருமுறை வளைகுடாவிலிருந்து திரும்புகையில் சிறகையொட்டிய இருக்கை நமக்குக் கிடைத்தது. மேகத்தினுள் விமானம் குலுங்கியபோது சிறகோரத்து மடிப்பு ஓயாது மேலும் கீழும் அசைந்தது. அருகிலிருந்த முதியவர், "சிறகு இப்படி ஆடுகிறதே, பழுதா?" என்று கவலையோடு வினவினார். பழுதன்று, குலுங்கலைக் குறைக்கக் கணிப்பொறி செய்யும் வேலை என்றோம். ஓட்டுபவர் செய்யவில்லையா என்று கேட்டவர், இடைவாரை இன்னும் இறுக்கிக்கொண்டார். அவருடைய அச்சத்தை நாம் எள்ளவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

1990-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள். பம்பாயிலிருந்து பெங்களூருக்கு வந்த அந்நாளைய இந்தியன் ஏர்லைன்சின் 605-ஆம் விமானம், வாங்கிச் சில மாதங்களே ஆன ஏ-320. பட்டப்பகல். இறங்கும் வேளையில், இயந்திரங்களை மிகக் குறைந்த விசையில் வைத்துக்கொண்டே கீழிறங்கும் முறையில் தானியங்கி அமைப்பு இருந்தது. ஓடுபாதையை நெருங்கும்போது இருக்கவேண்டிய முறை அதுவன்று. அப்போது வேகத்தைக் காக்க இயந்திர விசையைத் தானே கூட்டும் முறை வேண்டும். அதற்கு மாற, விமானிகள் இருவர்க்கும் தனித்தனியே உள்ள ஃப்ளைட் டைரக்டர் என்னும் வழிகாட்டி அமைப்புகள் இரண்டையும் அணைத்தாக வேண்டும். ஒன்று அணைக்கப்பட்டது, மற்றொன்று அணைக்கப்படவில்லை. விசை கூடவில்லை, வேகம் குறைந்துகொண்டே வந்தது. கணிப்பொறி தன் இயந்திரக் குரலில் 400, 300, 200 என்று உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. விமானிகள் உணர்ந்து விசையை முழுதும் கூட்டியபோது காலம் கடந்துவிட்டது. அடங்கிக் கிடக்கும் இயந்திரம் முழு வலிவு பெறச் சில நொடிகள் ஆகும். அந்நொடிகள் அவர்களிடம் இல்லை. ஓடுபாதைக்கு முன்னரே கோல்ஃப் திடலில் விமானம் மோதியது. அதிலிருந்த 146 பேரில் 92 பேர் மாண்டனர்.

விசாரணை, நிலைமையின் கடுமையை விமானிகள் உரிய நேரத்தில் உணராமையையே காரணமாகக் கூறிற்று. அன்று பழுதான கணிப்பொறி எதுவுமில்லை. பணித்ததைப் பணித்தவாறே செய்தன. அந்த எழுவரும் தமக்குள் ஒருவரையொருவர் ஐயுற்றனரேயன்றி, பணித்தவரை நோக்கி 'இதைத்தான் விரும்புகிறீரா?' என்று கேட்கும் கடமை அவர்க்கு விதிக்கப்படவில்லை. உயரத்தைச் சொன்ன குரல், வேகம் குறைகிறது என்று சொல்லவில்லை. அவ்விசாரணையின் தீர்ப்பை மறுக்கும் தகுதி நமக்கில்லை. எனினும் பழியின் முழுச் சுமையையும் இறந்துபோன இருவர்மீது ஏற்றிவிட நம் மனம் இசையவில்லை. புதிய பொறி ஒன்று வரும்போது, அதனை எப்போது நம்பலாகாது என்பதையும் சேர்த்துக் கற்பிப்பதே கல்வி.

மற்றொரு விபத்து, ஐயுறுதலுக்கும் எல்லையுண்டு என்பதைக் காட்டியது. காற்று எக்கோணத்தில் வந்து மோதுகிறது என்பதை அளக்க ஏ-320-இன் மூக்கருகே மூன்று சிறு தகடுகள் உள்ளன. கோணம் மிகுந்தால் சிறகு தாங்கும் ஆற்றலை இழக்கும். ஆதலின் உயிர்நிலையான அளவு இது. மூன்றில் ஒன்று முரண்பட்டால், ஒத்துரைக்கும் இரண்டையே கணிப்பொறி ஏற்கும். 2008-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள், குத்தகை முடிந்து உரியவர்க்குத் திருப்பித்தர வேண்டிய ஏ-320 ஒன்று தென்பிரான்சின் பெர்ப்பிஞான் நகரிலிருந்து சோதனைக்காகப் பறந்தது. மூன்று நாள் முன்னர் அதனைக் கழுவியவர்கள் இத்தகடுகளை மூடிவைக்காமல் நீரைப் பாய்ச்சியிருந்தனர். உள்ளே புகுந்த நீர் உயரத்தின் குளிரில் உறைந்தது. இரண்டு தகடுகள் ஒரே கோணத்தில் சிக்கி நின்றன. மூன்றாவது ஒழுங்காக அசைந்தது. இரண்டும் ஒன்றையே உரைத்தமையால், உண்மை உரைத்த மூன்றாவது ஒதுக்கப்பட்டது.

விமானிகளோ, வேகம் மிகக் குறையும்போது பாதுகாப்பு அமைப்பு தலையிடுகிறதா என்று பார்க்கத் தாழ்வான உயரத்திலேயே வேகத்தைக் குறைத்தனர். அமைப்பு தலையிடவில்லை, அதன் கண்கள்தாம் உறைந்துவிட்டனவே! சிறகு ஆற்றலிழந்தது. கணிப்பொறிகள் தம் அதிகாரத்தைக் கைவிட்டு, கைச்சக்கரத்தைப் பயன்படுத்துமாறு திரையில் எழுதின. அந்தக் கலவரத்தில் அவ்வரி கவனிக்கப்படவில்லை. விமானத்திலிருந்த எழுவரும் நடுநிலக்கடலில் மடிந்தனர்.

வாக்கெடுப்பில் இருவர் ஒத்துரைப்பதற்கு மதிப்பு உண்டாவது, அவ்விருவரும் தனித்தனியே கண்டிருந்தால்தான். ஒரே நீரால் நனைந்து, ஒரே குளிரால் உறைந்த இருவர் உண்மையில் ஒருவரே. நுண்செயலியையும் நிரலையும் அத்துணை அக்கறையோடு வேறுபடுத்தியவர்கள் வைத்த மூன்று தகடுகளும் ஒரே நீருக்கு இடங்கொடுத்தன. பட்டிமன்றங்களில் பெரும்பான்மையைப் பற்றி முழங்கும் நம் மாணவர்கள் இந்த ஏழு பேரை ஒருகணம் நினைக்கலாம்.

இவ்வளவும் அறிந்த உலகில்தான் போயிங் 737 மேக்ஸ் நேர்ந்தது. அவ்வகை விமானத்தில் கோணம் அளக்கும் கருவிகள் இரண்டு இருந்தும், மூக்கைத் தாழ்த்தும் புதிய அமைப்பு ஒரு நேரத்தில் ஒன்றன் சொல்லை மட்டுமே கேட்டது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் அந்த ஒற்றைச் சாட்சி பொய்யுரைக்க, 346 உயிர்கள் போயின. பின்னர் செய்த திருத்தம் யாது? இரண்டையும் ஒப்பிடு, முரண்பட்டால் விலகி நில் என்பதே. துலூசில் 1987-லேயே இருந்த அறிவு அது. இதனை எழுதும்போது எழும் சினத்தை அடக்க நாம் முயலவில்லை.

முப்பத்தெட்டு ஆண்டு பழகிய பின்னும் அந்த எலாக் கணிப்பொறி ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக ஆகிவிடவில்லை. 2025 அக்டோபர் 30-ஆம் நாள் மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா சென்ற ஏ-320 ஒன்று பணிக்கப்படாமலே மூக்கைத் தாழ்த்தியது. பயணிகள் சிலர் காயமுற்றனர். கடுமையான ஞாயிற்றுக் கதிர்வீச்சு அக்கணிப்பொறியின் தரவைச் சிதைக்கக்கூடும் என்று நவம்பர் 28-ஆம் நாள் ஏர்பஸ் அறிவித்தது. உலகெங்கும் ஏறத்தாழ 6,000 விமானங்கள். பெரும்பாலானவற்றுக்குப் புதிய மென்பொருளை நீக்கி முந்தைய பதிப்பை ஏற்றுவதே தீர்வு.

நம் மாணவருக்கு அவ்விரவு உறக்கமில்லை. மறுநாள் நண்பகலில் தொலைபேசியில் பேசியபோது குரல் கம்மியிருந்தது. ஒரு விமானத்துக்குச் சில மணி நேரம் போதும் என்றார். ஏற்றியது சரிதான் என்று எப்படி அறிவீர்கள் என்று வினவினோம்.

"ஏற்றியது நான், ஐயா. சரிபார்த்துக் கையொப்பமிட்டவர் வேறொருவர். அவர் பார்க்கும்போது நான் அருகில் நிற்கவில்லை" என்றார்.