லாச்சப்பலில் குடியிருத்தல்

பாரிஸ் என்றதும் ஊரிலுள்ளவர்கள் ஈபிள் கோபுரத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்து வரும் எம்மவர் லாச்சப்பலுக்கு வழி கேட்பார்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், கூறைச்சேலை, தாலிக்கொடி எல்லாம் ஒரே பகலில் வாங்கி, ஒரு கொத்துரொட்டியும் சாப்பிட்டு, இரவோடிரவாக ஜேர்மனிக்கோ சுவிசுக்கோ திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கு அது ஒரு கடைத்தெரு. கடைகளுக்கு மேலே ஐந்து, ஆறு மாடிகளில் மனிதர் குடியிருக்கிறார்கள் என்பது பலருடைய கண்ணில் படுவதில்லை.

நாங்கள் 1991 இலிருந்து 2019 வரை அங்கே குடியிருந்தோம். எங்கள் பிள்ளைகள் இருவரும் அங்கேதான் பிறந்து வளர்ந்தார்கள். இப்போது வீடு விற்கும் முகவர்களின் கண்ணாடிகளில் அந்தப் பகுதியைப் பற்றி 'உயிர்பெற்றுவரும் பழைய பாரிஸ்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். உயிர்பெறுகிறது என்றால் அதற்குமுன் செத்துக்கிடந்தது என்றல்லவா பொருள்? இருபத்தெட்டு வருடம் அங்கே மூச்சுவிட்டவர்கள் என்ற முறையில் அந்தச் சொல்லைப் பற்றி எங்களுக்குச் சில விடயங்கள் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் இடத்தின் பழைய கதை. லாச்சப்பல் 1860 வரை பாரிஸ் அல்ல. நகருக்கு வெளியே இருந்த தனி ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸைச் சுற்றி ஒரு மதில் எழுப்பினார்கள். எதிரியைத் தடுப்பதற்கல்ல, நகருக்குள் வரும் சாமான்களுக்கு வரி வாங்குவதற்கு. அதனால் மதிலுக்கு வெளியே வைன் மலிவு. குடிக்கவும் ஆடவும் சனம் அங்கே போனது. 1860 இல் சுற்றியிருந்த ஊர்களை நகரோடு சேர்த்து மதிலை இடித்தார்கள். மதில் நின்ற கோட்டின்மேல்தான் இரண்டாம் இலக்க மெற்றோ 1903 இலிருந்து தூண்களில் ஏறி ஓடுகிறது. மெற்றோவுக்கு இந்தப் பக்கம், பத்தாம் வட்டாரத்தில், எங்கள் கடைகள். அந்தப் பக்கம், பதினெட்டாம் வட்டாரத்தில், எங்கள் வீடும் கோயிலும். வரிமதிலின் உள்ளும் புறமுமாகத்தான், அது தெரியாமலே, நாங்கள் தினமும் போய்வந்துகொண்டிருந்தோம்.

இரண்டு பெரிய ரயில் நிலையங்களின் தண்டவாளங்களுக்கு நடுவே கிடக்கிற இடம் இது. தெருக்களின் பெயர்களே அதைச் சொல்லும். எம்மவர் நகை வாங்கவும் சாப்பிடவும் போகிற கய் தெரு, நீராவி இயந்திரங்கள் செய்வித்த ஒரு முதலாளியின் பெயர். பெர்தொனே தெரு, ஒரு ரயில்பாதைப் பொறியியலாளரின் பெயர். 1990 இல் யாழ்தேவி நின்றுபோன ஊரிலிருந்து வந்த நாங்கள், இரவு முழுக்க ரயில் சத்தம் கேட்கிற தெருவில் குடியேறினோம். எங்கள் ஊருக்கு ரயில் திரும்பி வந்தது 2014 இல். அதற்கிடையில் எங்கள் பிள்ளைகளுக்கு ரயில் என்றால் கார் து நோர்தான்.

எமில் சோலா 1877 இல் வெளியிட்ட 'லாசொம்வார்' என்ற நாவல் இந்த இடத்தில்தான் நடக்கிறது. சலவைத் தொழிலாளியான ஜேர்வேஸ் லாச்சப்பல் பெருந்தெருவிலுள்ள ஒரு மலிவு விடுதியின் யன்னலில் நின்று, வீட்டுக்கு வராத மனிதனைத் தேடி வெளியே பார்க்கிறாள். அப்போது எதிரே லரிபுவாசியேர் ஆஸ்பத்திரி கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. அது திறக்கப்பட்டது 1854 இல். எங்கள் இரண்டு பிள்ளைகளும் பிறந்தது அந்த ஆஸ்பத்திரியில். ஜேர்வேஸ் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவள். அவளுக்குப் பின் ரயில்வேக்காரர், பிரித்தானி மாகாணத்தார், அல்சாஸ்காரர், பக்கத்துக் குத் தோரில் அல்ஜீரியர். 1983 யூலைக்குப் பின் நாங்கள். வரிசையில் ஒருவர் பின் ஒருவராக வந்தவர்கள்தாமே தவிர, இந்த இடத்துக்குப் பூர்வீகக் குடி என்று யாரும் இல்லை.

எங்கள் வீடு பிலிப் து ஜிரார் தெருவில், ஐந்தாம் மாடி. லிப்ட் இல்லை. இரண்டு அறை, 31 சதுர மீற்றர். மலகூடம் படிக்கட்டின் ஓரத்தில், அந்த மாடியிலிருந்த மூன்று வீட்டுக்கும் பொது. 1991 இல் கீழேயிருந்த தபாற்பெட்டியில் எங்கள் பெயரோடு இன்னும் எட்டுப் பெயர்கள் ஒட்டியிருந்தன. அந்த எட்டுப் பேரும் எங்களோடு குடியிருக்கவில்லை. அகதி விண்ணப்பத்துக்கான முடிவு பதிவுத் தபாலில் வரும். விலாசம் இல்லாதவனுக்கு வழக்கும் இல்லை. ஒருவர் வில்நெவில் ஒரு கராஜில் படுத்தார், ஒருவர் வேலைசெய்த றெஸ்ரோறண்டின் நிலவறையில். பின்னேரங்களில் ஒவ்வொருவராக ஐந்து மாடி ஏறிவந்து, "எனக்கு ஏதும் வந்ததோ அண்ணை?" என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்துப் போவார்கள். அந்தச் சின்னத் தகரப் பெட்டிக்குள் எட்டுப் பேருடைய தலைவிதி வந்து விழுந்தது.

நாலாம் மாடியில் ஒரு வயதான பிரெஞ்சுப் பெண் இருந்தார். கணவர் ரயில்வேயில் வேலைசெய்து இறந்துபோனவர். முதல் வருடம் எங்கள் கறி மணத்தைப் பற்றி வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினார். மூன்றாம் வருடம் தன்னுடைய மாற்றுத் திறப்பை எங்களிடம் தந்து வைத்தார். பிரித்தானியிலிருந்து பதினெட்டு வயதில் வந்தபோது தங்களையும் இப்படித்தான் பார்த்தார்கள், தங்கள் பாஷையைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று ஒருநாள் சொன்னார். இந்த இடத்தின் சரித்திரத்தை நாங்கள் முதலில் படித்தது அவரிடம்தான்.

அந்த நாளில் போபூர் சான் தெனியின் மேற்பகுதியில் பல கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியே கிடந்தன. எம்மவர் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒரு மூலையில் மரக்கறி, ஒரு மூலையில் வீடியோக் கசற், பின்னால் ரெலிபோன் பெட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் நாலைந்து தமிழ்ப் பத்திரிகைகள். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தார்கள். இரவு பத்து மணிக்கு வேலைமுடிந்து வரும் பெண்களுக்கு வெளிச்சமுள்ள ஒரு தெரு கிடைத்தது. அவர்களில் தமிழரல்லாதவர்களே அதிகம். எந்தத் திட்ட அலுவலகமும் இதற்கு வரைபடம் போடவில்லை.

மெற்றோ நிலையத்துக்குப் பக்கத்தில் பூஃப் து நோர் என்ற நாடக அரங்கு இருக்கிறது. 1876 இல் திறந்தது. 1952 இல் மூடப்பட்டு இருபது வருடத்துக்கு மேல் பாழாய்க் கிடந்ததை 1974 இல் பீற்றர் புறூக் மறுபடி திறந்தார். சுவர்களுக்குப் புதுச் சாந்து பூசவில்லை. கறையும் வெடிப்புமாக, காலம் எப்படி விட்டதோ அப்படியே விட்டார். 1985 இல் அவிஞ்ஞோனில் முதலில் மேடையேறிய அவருடைய ஒன்பது மணிநேர மகாபாரதம் பிறகு இந்த அரங்குக்கும் வந்தது. உள்ளே பாஞ்சாலி சபதம் போட, வெளியே எங்கள் பொடியள் அடுத்த நாள் கோப்பை கழுவப் போகிற இடத்துக்கு மெற்றோ வரி பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். ஊரில் விடியவிடியக் கூத்துப் பார்த்த சனம், அந்தக் கதை பக்கத்துச் சுவருக்கு அப்பால் நடக்கிறது என்று அறியவில்லை. ஆனாலும், ஒரு பழைய கட்டடத்தைத் திருத்துவது என்றால் அதன் காயங்களையும் சேர்த்து வைத்துக்கொள்வது என்று அந்த மனிதர் நினைத்தாரே, அது எங்களுக்குப் பிடிக்கும்.

பிறகு நகரசபை வந்தது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2007 இல் பழைய ரயில்வே நிலத்தில் ஏயோல் பூங்கா திறந்தார்கள். அதற்காக அயலவர்கள் வருடக்கணக்காகப் போராடினார்கள். 2008 இல், நகரத்தின் மரணச்சடங்குச் சேவை இருந்த பெரிய கட்டடம் கலைக்கூடமானது. பஜோல் தெருவில் 1926 இல் கட்டிய சரக்கு மண்டபத்தை இடிக்காமல், இரும்புச் சட்டகத்தை வைத்துக்கொண்டு, கூரையில் சூரியத் தகடுகள் போட்டு, 2013 இல் நூலகமும் இளைஞர் விடுதியும் தோட்டமும் ஆக்கினார்கள். எங்கள் மகள் பரீட்சைக்குப் படித்தது அந்த நூலகத்தில். மலகூடங்கள் வீட்டுக்குள் வந்ததும் நல்லதுதான். வறுமையை அழகு என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆனால் அந்தத் திட்டங்களைப் பற்றிக் கதைக்கும் கூட்டங்கள் மாலை ஏழு மணிக்கு நடந்தன. மாலை ஏழு மணிக்கு எங்கள் ஆட்கள் பாரிஸின் குசினிகளில் நின்றார்கள். அப்படித்தான், அங்கே குடியிருந்த ஒரு பெரும் கூட்டத்தின் குரல் எந்த அறிக்கையிலும் ஏறாமல் போனது.

2018 இன் கடைசியில் அதே தபாற்பெட்டியில் எங்கள் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் அறிவித்தல் கிடந்தது. வீட்டுக்காரர் இறந்து, பிள்ளைகள் விற்கப்போகிறார்கள். 1989 யூலை 6 ஆம் திகதிச் சட்டத்தின்படி ஒப்பந்தம் முடிவதற்குக் குறைந்தது ஆறு மாதத்துக்கு முன் அறிவிக்கவேண்டும். முதல் இரண்டு மாதமும் வாங்கும் உரிமை குடியிருப்பவருக்கே. நீதியான சட்டம்தான். விலை 260000 யூரோ. அடுத்த வருடம் பாரிஸ் நகரின் சராசரி விலை சதுர மீற்றர் 10000 யூரோவைத் தாண்டியதாகப் பத்திரிகைகள் எழுதின. அதைப் பார்த்தால் எங்களிடம் கேட்டது குறைவு. வங்கியில் எங்கள் வயதையும் சம்பளத் துண்டுகளையும் பார்த்த பெண் மரியாதையாகத்தான் தலையசைத்தார். சமூக வீட்டுக்கான விண்ணப்பத்தை வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பதில் இல்லை. நாங்கள் இருபத்தெட்டு வருடம் கட்டிய வாடகையை ஒருநாள் இரவு மகள் கூட்டிப் பார்த்தாள். தொகையைச் சொல்லாமல் கடதாசியை மடித்து வைத்துவிட்டாள்.

இப்போது லா கூர்நெவில் இருக்கிறோம். கார் து நோரிலிருந்து ரயிலில் பத்து நிமிடம்கூட இல்லை. 75018 என்று எழுதிய கை 93 என்று எழுதப் பழகிவிட்டது. எங்களுக்கு முன்னரே எம்மவரில் பெரும்பகுதியினர் புறநகருக்கு வந்துவிட்டார்கள். லாச்சப்பலில் கடை இருக்கிறது, கடைக்கு மேலே நாங்கள் இல்லை.

எம்மவர் செய்ததையும் மறைக்கக்கூடாது. 31 சதுர மீற்றரில் பத்துப் பேரைப் படுக்கவைத்துக் கட்டிலுக்கு வாடகை வாங்கிய தமிழர் இருந்தார்கள். வெறும் கடைத் திறப்புக்கு மேலதிகக் காசு கேட்டு, ஊர்க்காரனிடமே கறந்தவர்கள் இருந்தார்கள். காட் இல்லாதவனைப் பன்னிரண்டு மணிநேரம் நிற்கவைத்து அரைச் சம்பளம் கொடுத்த கடைகளின் வாசலிலும் பிள்ளையார் படம் தொங்கியது. 2015 இல் மெற்றோத் தூண்களுக்குக் கீழே சூடானியரும் எரித்திரியரும் கூடாரம் போட்டுப் படுத்தபோது, சோற்றுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்த எம்மவரும் இருந்தார்கள். "இவங்கள் இடத்தைக் கெடுக்கிறாங்கள்" என்று சொன்ன எம்மவரும் இருந்தார்கள். அந்தச் சொல்லை 1985 இல் எங்களைப் பார்த்து யாரோ சொல்லியிருப்பார்கள். யூன் மாதம் பொலிஸ் வந்து கூடாரங்களை அகற்றியது.

ஒவ்வொரு வருடமும் கோடை முடிகிற நாட்களில் மாணிக்க விநாயகர் தேர் அந்தத் தெருக்களில் வருகிறது. கோயில் 1985 இல் தொடங்கியது. தேங்காய் மலைமலையாக உடைபட, பிரெஞ்சுக்காரர் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துப் பார்க்கிறார்கள். சுற்றுலாக் கையேடுகளில் அதற்குப் படமும் உண்டு. 2024 பெப்ரவரியில் போர்த் து லாச்சப்பலில் புதிய அரங்கம் திறந்து, அந்தக் கோடையில் ஒலிம்பிக் பூப்பந்தாட்டமும் நடந்தது. இனி இதை விளையாட்டும் கலையும் உயிர்ப்பித்த பகுதி என்று எழுதுவார்கள். ஜேர்வேசுக்கு ஒரு சோலா இருந்தார். எங்களுக்குத் தேரும் கொத்துரொட்டியும் மட்டும் மிஞ்சும்.

அதனால் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறோம். எண்பதுகளில் வந்தவர்கள் இப்போது பென்ஷன் எடுக்கிற வயதில் இருக்கிறீர்கள். எந்தத் தெருவில், எத்தனையாம் இலக்கத்தில், எத்தனை பேர் படுத்தீர்கள், யார் வாடகை வாங்கினார்கள், யார் சோறு போட்டார்கள், மூடிக்கிடந்த எந்தக் கதவை முதலில் யார் திறந்தார்கள் என்று எழுதுங்கள். நல்லதை மட்டும் எழுதவேண்டாம். கதவிலக்கத்தோடு எழுதுங்கள். எங்கள் கதவிலிருந்த எட்டுப் பெயர்களில் ஐந்து எங்களுக்கு நினைவிருக்கிறது. மற்ற மூவரும் இதைப் படித்தால், தயவுசெய்து எழுதுங்கள்.