தேடும் கண்கள்

நம் தகப்பனார் ஆம்பூர்த் தோல் ஷாப் ஒன்றில் முப்பது வருஷ காலம் தரம் பிரித்தவர். மேஜைமேல் விரித்த தோலில் உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, உரிக்கையில் கத்தி பட்ட வெட்டு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்டவர் போன மாதம், டப்பாவில் கிடந்த பத்துப் பன்னிரண்டு மாத்திரைப் பட்டைகளுக்குள் இரத்த அழுத்த மாத்திரையைத் தேடித் தடுமாறி, சர்க்கரை வியாதி மாத்திரையையே இரண்டாம் தடவையும் விழுங்கிவிட்டார். வியர்த்துக் கை நடுங்கியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகே தெளிந்தார். நாம் சும்மா இருந்தோமா? "கண்ணெதிரே இருப்பதுகூடவா தெரியவில்லை, அப்பா?" என்று மாணாக்கனை அதட்டுவதுபோல் அதட்டினோம். அவர் பதில் பேசாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நமது கர்வத்துக்குத் தண்டனை சீக்கிரமே கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளுடன் வேலூர்க் கோட்டைக்குப் போயிருந்தோம். புறப்படும் சமயம் ஒரு சிறுவனைக் காணோம். அகழித் தண்ணீரைப் பார்க்கவே அச்சமாயிருந்தது. உண்மையில் அவன் ஒரே நிறச் சட்டை அணிந்த அறுபது பிள்ளைகளுக்கு நடுவேதான் நின்றிருந்தான். இளம் ஆசிரியை ஒருவர் உடனே கண்டு காட்டினார். நமக்கு வயது 46.

இதற்கு மனோதத்துவ சாஸ்திரம் காரணம் கூறுகிறது. பச்சைப் புள்ளிகளிடையே ஒரே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால், அது தானே கண்ணில் வந்து விழும். நிறம், வடிவம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அடையாளம் புலப்படும் என்றாலோ, கவனம் ஒவ்வொன்றாய்ச் சென்று சோதிக்க வேண்டும். ஆன் ட்ரீஸ்மன், கேரி ஜெலேட் என்ற இரு அறிஞர்கள் 1980-ல் இதை விளக்கினார்கள். முதல்வகைத் தேடலில் முதியோர் அதிகம் பின்தங்குவதில்லை. இரண்டாவதில்தான், அதுவும் கூட்டம் பெருகப் பெருக, தாமதிக்கிறார்கள் என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. வெள்ளெழுத்து வேறு, இது வேறு. கண்ணாடியை மாற்றினால் மட்டும் தீராது. கூட்டத்தைக் குறைக்க வேண்டும்.

அன்றிரவே மாத்திரைகளைப் பிரித்து, காலைக்குச் சிவப்புப் பெட்டி, இரவுக்கு நீலப் பெட்டி என்று வைத்தோம். தகப்பனார் அவற்றை வாங்கிப் பார்த்தார்.

"நாங்களும் இதைத்தானப்பா செய்தோம். மேஜைக்கு ஒரு தோல்தான் விரிப்போம். பத்தைக் குவித்துப் போட்டுப் பார்க்கச் சொன்னால் இருபது வயசுக் கண்ணுக்கும் பழுது தெரியாது" என்றார்.

மன்னிப்புக் கேட்க நினைத்தோம், வார்த்தை வரவில்லை. பெட்டிகளை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தோம். நேயர்களும் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவை இன்றே ஒரு முறை திறந்து பார்ப்பது நலம்.