பையை யார் பார்த்துக்கொள்வது?

"நான் இங்கேயே உக்காந்திருக்கேன். நீங்கல்லாம் போயிட்டு வாங்க. பையை நான் பாத்துக்கறேன்."

எந்தக் குடும்பம் ஊர் சுற்றக் கிளம்பினாலும் இந்த வார்த்தையைச் சொல்ல ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது என் மனைவி. கைக்குழந்தையோடு கொடைக்கானல் போனபோது சொன்னாள். திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் சொன்னாள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகேறும் வரிசை நீளமாக இருக்கிறதென்று கரையிலேயே இருந்துவிட்டாள். 42 வருடத் தாம்பத்தியத்தில் எத்தனை ஊர்களில் அவளை ஒரு திண்ணையிலோ மரத்தடியிலோ பைகளுக்குக் காவலாக உட்காரவைத்துவிட்டு நான் மேலே ஏறிப் போயிருக்கிறேன் என்பதை, எழுபதைத் தாண்டிய பிறகு, கொச்சியில்தான் எண்ணிப் பார்த்தேன்.

மகன் லட்சத்தீவுக்குக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருந்தான். தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கே பல நாள் அலைந்து வாங்கினான். திங்கட்கிழமை காலை வில்லிங்டன் தீவில் கப்பல். நாங்கள் வெள்ளிக்கிழமை இரவே எர்ணாகுளம் வந்து இறங்கிவிட்டோம். அதில் மகன் செய்தது மிகச் சரி. ரயில் தவறினால் அடுத்த பஸ் இருக்கிறது. கப்பல் புறப்பட்டுவிட்டால் பின்னால் ஓடிப் பிடிக்க வழியில்லை. கப்பலேறப் போகிறவர்கள் ஒரு நாளாவது முன்னதாகத் துறைமுக ஊருக்குப் போய்விட வேண்டும்.

கையில் இரண்டு நாள் இருந்தது. மகனின் போனில் 14 இடங்கள் இருந்தன. அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிற லீவு. பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்கிற தவிப்பு. அந்த வயதில் நானும் அப்படித்தான் ஓடினேன்.

சனிக்கிழமை காலை ஹைகோர்ட் படகுத் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவில் ஃபோர்ட் கொச்சிக்குக் கிளம்பினோம். 2023-ல் தொடங்கிய சேவை. பேட்டரியில் ஓடும் படகு. எனக்குப் பிடித்தது படகைவிட அதில் ஏறுகிற இடம். மேடை தண்ணீரிலேயே மிதக்கிறது. ஓதம் ஏறினாலும் இறங்கினாலும் அதுவும் கூடவே ஏறி இறங்குவதால், படகின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. காலைத் தூக்கி வைக்க வேண்டியதில்லை; வீட்டு அறையிலிருந்து கூடத்துக்கு வருவதுபோல நடந்து போய்விடலாம். என் மனைவியின் முழங்காலை யாரோ ஒரு என்ஜினீயர் நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. அந்த முகம் தெரியாத மனிதர் நன்றாக இருக்கட்டும்.

செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்துக்குப் போனோம். 1524-ல் கொச்சியிலேயே இறந்த வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்த இடம். பிறகு எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கல் மட்டும் கம்பி வேலிக்குள் இருக்கிறது. அங்கே பத்து நிமிடம். அடுத்து மட்டாஞ்சேரிக்கு ஆட்டோ. 1568-ல் கட்டிய யூத ஆலயத்தின் வாசலில் போய் நின்றால் கதவு பூட்டியிருந்தது. சனிக்கிழமை அவர்களுடைய ஓய்வுநாள். அந்தக் கோயிலுக்கு வருகிறவர்கள் கிழமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் இப்படி ஒரு கிழமை உண்டு. அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மறுபடி ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குத் திரும்பும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில் ஒரு சிமெண்ட் பெஞ்சைப் பார்த்ததும் என் மனைவி அந்த வார்த்தையைச் சொன்னாள்.

நான்கு பைகளும் ஒரு தண்ணீர்க் கூஜாவும் அவள் காலடியில் இறங்கின. யாரும் சொல்லாமலே இறங்கின. அதுதான் என்னைச் சுட்டது. பேரன்கூடத் தன் முதுகுப்பையைக் கழற்றி அவள் மடியில் வைத்துவிட்டு ஓடினான். எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் கற்றுக் கொடுத்தது? என்னைப் பார்த்து அவன் அப்பா கற்றது, அவன் அப்பாவைப் பார்த்து அவன் கற்றது.

"நீயும் போ. நான் அம்மாகூட இருக்கேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு என்ன, காலா வலிக்குது?" என்றாள்.

"இல்ல. சும்மாதான்."

எதிரே சீனவலைகள். அதுவரை நான் அவற்றைக் காலண்டர் படத்தில் பார்த்ததுதான். கரையில் ஊன்றிய கனத்த மரச் சட்டத்தின் நுனியில் வலை விரிந்து தொங்குகிறது. பின்பக்கம் கயிறுகளில் ஆட்டுக்கல் பருமனுக்குப் பாறைகள் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரே ஓர் ஆள் நடுமரத்தில் முன்னோக்கி நடந்தால் போதும், அவர் உடம்புக் கனத்துக்கே அத்தனை பெரிய வலையும் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. சில நிமிடம் விடுகிறார்கள். பிறகு நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்க, பாறைகள் ஒவ்வொன்றாகக் கீழே வர, வலை சொட்டச் சொட்ட மேலே வருகிறது.

"அஞ்சு தடவை தூக்கிட்டாங்க" என்றாள். "மூணு தடவை ஒண்ணுமே இல்ல. அந்த வயசானவர் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பாக்கறார் பாருங்க."

நான் பொறிநுட்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் பைகளோடு உட்கார்ந்து அவள் எதைப் பார்த்தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். கொடைக்கானலில் ஏரிக்கரையில் குதிரைக்காரப் பையன் ஒருவன் தன் சாப்பாட்டில் பாதியைக் குதிரைக்கு ஊட்டியதைச் சொன்னாள். நான் படகு விட்ட அதே ஏரி. எனக்கு அங்கே பனிமூட்டம் தவிர வேறெதுவும் நினைவில்லை.

இதற்குள் பெஞ்சுக்குப் பக்கத்தில் உப்பில் ஊறவைத்த நெல்லிக்காய் விற்கிற அம்மாவோடு பேச்சுப் பழகிவிட்டாள். வேலி என்கிற பகுதியில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கிற இடம் இருக்கிறது என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். மகனின் பட்டியலில் அந்த இடம் இல்லை.

மதியம் மீன்சோறு சாப்பிடும்போது மருமகளிடம் பெஞ்சில் பேசியதைச் சொன்னேன். அவள் விவரமானவள். போனை மூடி வைத்துவிட்டு, "அத்தை, சாயங்காலம் எங்க போகலாம்? நீங்க சொல்லுங்க" என்றாள்.

"எனக்கென்னம்மா, உங்க இஷ்டம்."

இந்தப் பதிலோடு எல்லோரும் விட்டுவிடுவோம். கேட்டாயிற்று, அவர்களே சொல்லிவிட்டார்கள் என்று மனசாட்சியும் அடங்கிவிடும். ஆனால் நாற்பது வருடம் யாரும் கேட்காத ஒருத்தியிடம் கேட்டால் உடனே பதில் வராது. பதில் ஊறுகிற இடமே தூர்ந்து போயிருக்கும். மருமகள் விடவில்லை. சோற்றைப் பிசைந்தபடி காத்திருந்தாள். மோருக்கு வந்தபோது என் மனைவி சொன்னாள், "அந்தத் துணி வெளுக்கிற இடத்தைப் பாக்கலாமா?"

போனோம். வரிசையாகத் தொட்டிகள், துவைகற்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் படைவீரர்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கூட்டி வந்தார்களாம். அவர்கள் வழிவந்தவர்கள் இன்னும் அங்கே துவைக்கிறார்கள். கஞ்சி வாடையும் நனைந்த கல்லின் வாடையும் கலந்து வந்தது. வெளியே வெட்டவெளியில் கொடிகள். அந்தக் கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு புரியாக முறுக்கிய கயிறு. புரிகளின் நடுவே துணியின் ஓரத்தைச் செருகினால், காற்று எவ்வளவு இழுத்தாலும் கயிறு விடாது. என் மனைவி கிட்டே போய் அந்த முறுக்கை விரலால் பிரித்துப் பார்த்தாள். "எங்க அம்மா வீட்டுல இப்படித்தான்" என்றாள். பேத்தியைக் கூப்பிட்டுத் தன் கைக்குட்டையைச் செருகிக் காட்டினாள்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெரியவர், "எந்த ஊரு?" என்று கேட்டார். மலையாள இழுப்பு கலந்த தமிழ். விருதுநகர் என்றாள். எங்கே இருக்கிறது, எந்தத் தெரு என்று பேச்சு வளர்ந்தது. அவருடைய முன்னோர் கிளம்பிய ஊர் எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தமிழ் கேட்டால் நின்றுவிடுவேன் என்றார். முக்கால் மணி நேரம் போனது. மகன் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை யூத ஆலயம் மட்டும். தரையில் பதித்த நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகளைப் பேத்தி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். எல்லாம் கையால் வரைந்தவை. 14-ல் எட்டு இடம் பார்க்காமலே நின்றுபோயின. அவை எங்கேயும் போய்விடாது.

திங்கட்கிழமை காலை வில்லிங்டன் தீவில் கப்பலுக்கு வரிசையில் நின்றபோது, நாம் நிற்கிற இந்த மண்ணே தண்ணீருக்கடியில் இருந்ததுதான் என்று பேரனிடம் சொன்னேன். ராபர்ட் பிரிஸ்டோ என்கிற என்ஜினீயர் 1920-ல் வந்து, முகத்துவாரத்தில் பெரிய கப்பல்களை மறித்துக் கிடந்த மணல்திட்டை வெட்டித் திறந்தார். துறைமுகத்தைத் தூர்வாரிய மண்ணைக் குவித்து இந்தத் தீவு எழுந்தது. பேரன் காலால் தரையைத் தட்டிப் பார்த்தான். அப்படியே தன் முதுகுப்பையைக் கழற்றப் போனவன், ஏதோ நினைத்துக்கொண்டு, வாரை மறுபடி தோளில் இழுத்துவிட்டுக்கொண்டான்.

மருமகள் கவலையாகக் கேட்டாள். "மாமா, தீவுகிட்ட ஆழம் இல்லைன்னு கப்பல் தூரத்துலயே நின்னுடுமாம். சின்னப் படகுல இறங்கிப் போகணுமாம். அத்தைக்கு முடியுமா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவளிடமே கேட்கட்டும் என்று இருந்தேன். மருமகள் அவள் பக்கம் திரும்பினாள்.

"படகுக்காரங்க கையைப் பிடிச்சுக்குவாங்க இல்ல?" என்றாள் என் மனைவி. பிறகு தன் தோளில் கிடந்த பையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள், "இதெல்லாம் கப்பல்லயே கிடக்கட்டும்."