விட்டு விட்டு வரும் குறை

எப்போதும் இருக்கும் குறையை எவரும் கண்டு சொல்லிவிடலாம். வருவதும் போவதுமாக இருக்கும் குறைதான் மனிதரைப் பாடாய்ப் படுத்துவது. பல் மருத்துவரின் படியேறியதும் பல்வலி அடங்கிப் போகிறது. ஐப்பசி மழையில் ஒழுகிய கூரையைப் பங்குனி வெயிலில் கொத்தனாரிடம் காட்டி, எந்த இடம் என்று சொல்லத் தெரியாமல் நிற்கிறோம். குறை இருக்கும்போது காண்பவர் இல்லை. காண்பவர் வரும்போது குறை இல்லை. அத்தகைய குறை ஒன்றோடு எங்கள் வீடு ஏழெட்டு மாதம் மல்லுக்கட்டியது. இலக்கியம் பேசும் இடத்தில் டீசல் வாடை வீசுவதை நண்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

எங்களிடம் இருப்பது பழைய டீசல் கார். கணினியும் உணரிகளும் வந்து சேராத தலைமுறையைச் சேர்ந்தது. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. திடீர் திடீரென்று தலைசுற்றி, கண் இருண்டு, சில நொடிகளில் தெளிந்துவிடும். அதற்காக மாதம் இருமுறை தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பயணம். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மூன்று பயணத்தில் ஒன்றிலாவது, வல்லநாட்டுக் குன்றை ஒட்டிச் சாலை மெல்ல ஏறும் இடத்தில், வண்டி இழுவையை இழந்துவிடும். ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தாலும் எழுபதில் ஓடியது முப்பதுக்கு இறங்கும். பின்னால் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள் ஒலியெழுப்பி நெருங்கும். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால், எதுவுமே நடவாததுபோல் வண்டி பாயும்.

வண்டியைவிட அம்மா மாறியதே எங்களைக் கலங்க வைத்தது. "எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல. அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்" என்று இருமுறை பயணத்தைத் தள்ளிப் போட்டார். தலைசுற்றலைவிட அந்த ஏற்றமே அவருக்கு அச்சமாகிவிட்டது என்பது புரிய எங்களுக்கு வெகுநேரம் ஆகவில்லை.

தூத்துக்குடியில் டீசல் எஞ்சினுக்கு வைத்தியர் பஞ்சம் இல்லை. 1974இல் பெருந்துறைமுகமானதிலிருந்து லாரியை நம்பி வாழும் ஊர் இது. பம்பு, நாசில் வேலை செய்யும் பட்டறை ஒன்றில் வண்டியைக் காட்டினோம். அங்கு அது கச்சிதமாக ஓடியது. ஆயினும் பம்பைக் கழற்றி முழுவதும் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். செலவு எங்கள் மாதச் சம்பளத்தில் பாதி. வண்டியை விற்றுவிடுங்கள் என்றார் உறவினர் ஒருவர். எந்தத் தீர்ப்பும் குறையை நேரில் கண்டு வந்ததன்று.

இந்த இடத்தில், எங்கள் ஊர்க் கடலைப் பற்றி ஒரு சொல். கொற்கை முத்தைப் பாடிய சங்கப் பாடல்களை வகுப்பில் நடத்தும்போது, முத்து அங்கே ஆண்டுதோறும் அள்ளக் கிடைத்தது போன்ற மயக்கம் மாணவர்க்கு வருவதுண்டு. உண்மையில் மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் எக்காலத்தும் விட்டு விட்டே விளைந்தவை. தூத்துக்குடிக் கரையில் 1926 முதல் 1928 வரை சலாபம் நடந்தது. பின்னர் 1955 வரை இல்லை. 1961இல் நடந்ததே கடைசி. மறுகரையில், இலங்கையில், 1891க்குப் பின் பல ஆண்டுகள் சலாபமே இல்லாது போகவே, காரணம் காண லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் வரவழைக்கப்பட்டார். துணைக்கு வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்தியவர். பெரிய பார் என்ற திட்டில் குஞ்சுச் சிப்பிகள் கோடிக்கணக்கில் ஒட்டுவதும், முதிருமுன்பே மறைந்துபோவதும் திரும்பத் திரும்ப நிகழ்ந்து வந்தது. பருவக்காற்றுக் கடலடி மணலைப் பெயர்த்துச் சிப்பிகளை மூடுகிறது. நட்சத்திர மீனும் திருக்கையும் தின்கின்றன. நெரிசலும் மிகைக் குளிப்பும் சேர்கின்றன என்று அவர்கள் எழுதினார்கள். 1903 முதல் சில ஆண்டுகள் விளைச்சல் பெருகியது. 1906இல் லண்டன் கம்பெனி ஒன்று பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் கடல் கையை விரித்துவிட்டது. கம்பெனி கலைந்தது. விளைந்திருக்கும்போது வந்து பார்த்தவர்க்குப் பார் எப்போதும் விளையும் என்றே தோன்றும். பட்டறையில் எங்கள் வண்டி நன்றாக ஓடியதைப் போல.

ஆகவே குறை வரும் வேளையைக் குறித்து வைப்பதென்று முடிவு செய்தோம். ஐம்பது பக்க நோட்டு ஒன்று வண்டிக்குள் குடியேறியது. நாள், நேரம், வெயிலா மழையா, எத்தனை பேர், ஏ.சி. உண்டா, டீசல் முள் எங்கே நிற்கிறது, புகை உண்டா என்று நானும் மனைவியும் மாறி மாறி எழுதினோம். நோட்டோடு போய் நின்றது, பாளையங்கோட்டைச் சாலையில் லாரிகளுக்கு வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் அழைக்கும்.

"சார், மூச்சு வாங்கையில கறுப்பா புகை தள்ளுதா, வெள்ளையாத் தள்ளுதா?"

"இரண்டும் இல்லை அண்ணாச்சி. புகையே இல்லாமல் சோர்ந்து போகிறது."

"அப்பம் காத்துக்குப் பஞ்சம் இல்ல. டீசலுக்குத்தான் பஞ்சம்" என்றார்.

இதன் பொருளைச் சற்று விளக்க வேண்டும். காற்று வழி அடைத்துக்கொண்டால் டீசல் முற்றாக எரியாமல் கறும்புகை வரும். புகையும் இல்லை, வலுவும் இல்லை என்றால் டீசலே போதிய அளவு போய்ச் சேரவில்லை என்பது முதல் ஐயம். டேங்கிலிருந்து பீட் பம்ப் டீசலை உறிஞ்சுகிறது. பில்டர் வழியே அது இன்ஜெக்ஷன் பம்புக்குப் போகிறது. அங்கு காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தம் பெற்று நாசிலைத் திறந்துகொண்டு பீறிடுகிறது. திரவம் அமுங்காது, ஆகவே தள்ளிய அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போகும். ஆனால் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் குமிழிதான் அமுங்கும், நாசில் திறக்காது. முத்துக் குளிப்பவனுக்குக் காற்று உயிர். டீசல் குழாய்க்கு அதுவே எமன்.

அண்ணாச்சி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினார். முதலில், இழுவை போன அக்கணமே டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னார். காற்றுத் துளை அடைத்திருந்தால் 'உஸ்' என்று உள்ளிழுக்கும் ஓசை கேட்கும். கேட்கவில்லை. அடுத்து பில்டரை மாற்றி, அடியில் தேங்கிய நீரை வடித்தார். குறை மீண்டும் வந்தது. மூன்றாவதாக, எஞ்சினுக்கு அருகே சூடு படாத இடத்தில் டீசல் நிரம்பிய சிறு கேனை இறுகக் கட்டி, டேங்கை விலக்கிவிட்டு அதிலிருந்தே பம்புக்குக் குழாய் கொடுத்தார். அவரே ஓட்ட, வல்லநாட்டு ஏற்றத்தில் நான்கு முறை ஏறி இறங்கினோம். ஒருமுறைகூட வண்டி சோரவில்லை. பட்டறையில் குற்றவாளிக் கூண்டில் நின்ற பம்பு அன்று விடுதலை பெற்றது. குறை டேங்குக்கும் பீட் பம்புக்கும் இடையில் என்பது உறுதியாயிற்று.

அப்போதுதான் நோட்டைக் கையில் வாங்கி விரலை வைத்து வாசித்தார். பதினொரு முறை குறை வந்திருக்கிறது. பதினொரு முறையும் டீசல் முள் பாதிக்குக் கீழே. வெயிலும் ஏ.சி.யும் ஆள் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே இருந்தன. இது மட்டும் மாறவில்லை.

வண்டியை மேடையில் ஏற்றினார். பின் அச்சுக்கு மேலே வளைந்து செல்லும் இரும்புக் குழாயை ஒரு கிளிப் பிடித்திருந்தது. அதைச் சுற்றிய சேறு மட்டும் கறுத்து ஈரம் காட்டியது. கிளிப்பைக் கழற்றினால், கீழே துருவேறிய ஊசித்துளை. உப்பளத்து லாரிகள் சிந்திய நீரில் நனையும் சாலைகள் எங்களுடையவை. அந்தத் துருவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. துளை இருந்த உயரம் டேங்கின் நடுமட்டம். டீசல் அதற்கு மேலே நிற்கும்வரை, துளை வழியே சற்றே கசியும். சேறு அதை உறிஞ்சி மறைத்துவிடும். மட்டம் கீழே இறங்கியதும் உறிஞ்சும் குழாய்க்குள் காற்றுப் புகும். ஏற்றத்தில் எஞ்சின் அதிக டீசல் கேட்கும், உறிஞ்சும் விசை கூடும், குமிழியும் கூடும். நிறுத்தி வைத்தால் குமிழிகள் மேலேறி ஒதுங்கும்; வண்டி தெளியும். சொட்டுக்கூடத் தரையில் விழாத ஓட்டை அது. குழாயை மாற்ற ஆன செலவு, ஒருமுறை டேங்க் நிரப்பும் காசுகூட இல்லை.

நோட்டுக்கு இன்னொரு பயனும் விளைந்தது. அம்மாவின் இதயத் துடிப்பைப் பதிவு செய்த இ.சி.ஜி. மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் சீராகவே இருந்து வந்தது. இந்த முறை, தலைசுற்றல் வரும் வேளைகளை வண்டிக்கு எழுதியதுபோலவே எழுதிக்கொண்டு போனோம். மருத்துவர் அதைப் படித்துவிட்டு, ஹோல்டர் கருவியை மார்பில் கட்டி அனுப்பினார். அமெரிக்கரான நார்மன் ஹோல்டர் உருவாக்கிய முறை. நோயாளி உண்டு உறங்கி நடமாடும்போதே துடிப்பு முழுவதும் பதிவாகும். 24 மணி நேரப் பதிவில், விடியற்காலையில் துடிப்பு சில நொடிகள் நின்று நின்று தொடர்ந்தது தெரிந்தது. பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். இதயத்தின் குறையும் பரிசோதனை மேசையில் அல்ல, வீட்டுக் கட்டிலில்தான் அகப்பட்டது.

நோயையும் அதன் மூலத்தையும் அறிந்து, அதன் பின்னரே தணிக்கும் வழியை நாடச் சொன்னார் வள்ளுவர். இந்த வரிசையைப் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறோம். வரிசையின் நடுப்படியில் எத்தனை மாதம் பொறுமையாக அமர வேண்டியிருக்கும் என்பதை ஒரு ஊசித்துளை காட்டித் தந்தது. மன்னார் வளைகுடாவில் இன்றளவும் மறு சலாபம் நடக்கவில்லை. அந்த நோட்டை எழுதி முடிக்க ஒரு மனித ஆயுள் போதாது போலும்.

அம்மா இப்போது பயணத்தைத் தள்ளிப்போடுவதில்லை. வண்டியில் ஏறியதும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முன்னால் எட்டி டீசல் முள்ளைப் பார்க்கிறார். "பாதிக்கு மேல இருக்குல்லா?" என்கிறார். இனி அது தேவையில்லை என்று நாங்கள் சொல்வதில்லை. நிரப்பிக்கொண்டே கிளம்புகிறோம்.