கம்டன் நகரில் ஒரு காதுகுத்து

காது குத்துதல் தமிழர்க்குப் புதியதன்று. தோட்டுக்கு மேலே, காதின் மேல்மடலில் முருகும் கொப்பும் அணிந்து நடமாடிய பாட்டிமாரை நம்மிற் பலர் சிறுவயதிற் கண்டிருக்கிறோம். அவர்களோடு அந்த அணிகளும் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அப்பெட்டிகளுள் ஒன்று இலண்டன் மாநகரில் மீண்டும் திறக்கப்பட்ட கதையையே இங்கு சொல்லப் புகுகிறோம்.

சென்ற வேனிற்காலத்தில் இலண்டனின் வடமேற்கே அல்பேட்டன் பகுதியில் வாழும் தங்கையின் வீட்டிற் சில வாரம் தங்கியிருந்தோம். அதன் அண்மையிலுள்ள ஈலிங் வீதி நம்மவர்க்கு அந்நியமாகத் தோன்றாது. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் குவிந்த மரக்கறிக் கடைகள், சேலைக் கடைகள், பொன் மின்னும் நகைக்கடைகள் எல்லாம் அங்கே நெருங்கி நிற்கின்றன. குசராத்தியரும் ஈழத்தவரும் கலந்து நடமாடும் வீதி அது.

தங்கைக்கு நாம் கொண்டுசென்ற பொருள்களுள் எம் அம்மம்மாவின் ஒரு சோடி முருகும் இருந்தது. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்த இரவில், எம் அன்னையார் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு சென்ற பொருள் அது. அதைக் கண்ட பெறாமகள், பதினேழு வயதுப் பெண், கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

“பெரியம்மா, பூட்டி இரண்டு காதிலும் பிரித்துப் போட்டார். நான் இரண்டையும் ஒரே காதில் அருகருகாகப் போடப்போகிறேன்” என்றாள்.

தங்கையின் முகம் மாறிற்று. காரணம் உண்டு. பெறாமகளின் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு கடையிற் காதின் மேற்புறத்தைத் துப்பாக்கி போன்ற கருவியாற் குத்துவித்தாள். சில நாட்களில் காது சிவந்து வீங்கியது. வைத்தியசாலையிற் சீழை அகற்றினார்கள்; ஆயினும் மேல்மடல் சுருங்கிப் போயிற்று. “அந்தப் பிள்ளை இன்றும் தலைமயிராற் காதை மறைத்துக்கொண்டே திரிகிறது” என்றாள் தங்கை.

சோணையிற் குத்துவதும் மேல்மடலிற் குத்துவதும் ஒன்றல்ல. சோணை வெறும் தசையும் கொழுப்பும், குருதியோட்டம் நிறைந்தது, விரைவில் ஆறும். மேல்மடலோ குருத்தெலும்பு. குருத்தெலும்புக்குள் குருதிக் குழாய்கள் இல்லை. அதைப் போர்த்திருக்கும் மெல்லிய உறையிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. அவ்வுறையிற் கிருமி புகுந்து சீழ் கட்டினால் ஊட்டம் தடைப்பட்டு, குருத்தெலும்பு அழிந்து காதின் உருவமே குலையும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரு சிறு நகைக் கடையிற் காது குத்திக்கொண்டவர்களுள் 7 பேருக்குச் சூடோமோனஸ் என்னும் கிருமி தொற்றியமை உறுதியாயிற்று. அத்தனை பேரும் மேல்மடலிற் குத்திக்கொண்டவர்களே. கிருமியைக் கொல்லவென வைத்திருந்த மருந்துப் போத்தலிலேயே அக்கிருமி வாழ்ந்திருந்தது!

இவற்றையெல்லாம் பேசித் தீர்த்தபின், ‘செய்வதாயின் அதற்கெனத் தேர்ந்தவரிடமே செய்வது’ என்று முடிவாயிற்று. ஒரு சனிக்கிழமை காலை, முருகுச் சோடியைச் சிறு பெட்டியில் வைத்துக்கொண்டு மூவரும் புறப்பட்டோம். அல்பேட்டனிற் பிக்கடிலி வழிப் புகைவண்டியேறி, கிங்ஸ் குறொசில் இறங்கி வண்டி மாறி, கம்டன் ரவுணை அடைந்தோம்.

கம்டன் ஒரு வேடிக்கையுலகம். கடைகளின் முகப்பிலே ஆளிலும் பெரிய சப்பாத்துக்கள் தொங்குகின்றன. பச்சை மயிரும் ஊதா மயிருமாக இளைஞர் திரிகின்றனர். சற்று அப்பால் ரீஜன்ற் கால்வாயின் மதகிலே படகுகள் நீர்மட்டம் உயரும்வரை பொறுமையாகக் காத்துக் கிடக்கின்றன. பொறுமையைப் பற்றிய பாடம் அன்று அதனோடு முடியவில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

நாம் தேடிச் சென்ற கூடம் ஒரு கிளைத்தெருவில் இருந்தது. உள்ளே வைத்தியரின் அறையிற் காணும் அமைதியும் துப்புரவும். 1991ஆம் ஆண்டின் இலண்டன் உள்ளூராட்சிச் சட்டப்படி நகரசபை வழங்கிய அனுமதிப் பத்திரம் சுவரிலே தெரிந்தது. காது குத்தும் பெண்மணி, கருவிகளை நீராவியில் 134 பாகை வெப்பத்திற் கிருமி நீக்கும் பொறியையும், முத்திரை உடையாத ஊசிப் பொதிகளையும் கேளாமலே காட்டினார். பெறாமகளின் வயதை அத்தாட்சியிற் பார்த்தார். நோய் ஏதும் உண்டா, அன்று உணவு உண்டாளா என வினவினார். “எந்தப் பக்கம் சரிந்து உறங்குவாய்?” என்றும் கேட்டார். வலப்பக்கம் என்றதும், “அப்படியாயின் இடக்காதே நல்லது. ஒரே காதில் இரண்டு துளை இன்றே இடலாம், மற்றக் காதை உறக்கத்துக்கு விட்டுவை” என்றார்.

அப்போது தங்கை பெட்டியைத் திறந்து முருகுகளை நீட்டினாள். அவர் கையுறையோடு வாங்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார்.

“மிக அழகிய வேலை. ஆனால் இன்று இதை அணிவிக்க மாட்டேன்.”

பெறாமகளின் கண் கலங்கியது. எமக்கும் மனம் சுருக்கென்றது. அவர் கோபிக்காமல் விளக்கினார். 22 கரட் பொன் மென்மையானது. பல்லாண்டு அணிந்ததிற் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்திருக்கும். பூவேலையின் இடுக்குகளில் அழுக்குத் தங்கும். ஆறாத புண்ணிலே அது உராயக்கூடாது. முதலில் உடலுக்குள் பொருத்தத் தகுந்த தரமான தைத்தேனியம் என்னும் உலோகத்தாலான தண்டே வேண்டும். “இதை ஓர் ஆண்டு கழித்துக் கொண்டுவா. நானே மாட்டிவிடுவேன்” என்றார்.

பணம் கொடுக்க வந்தவரை மறுத்துப் பேசும் கடையைக் கண்டு தங்கையின் அச்சம் அப்போதுதான் தணிந்தது.

பின்னர் காதைத் துடைத்து, இரு மைப்புள்ளிகள் இட்டு, கண்ணாடியிற் காட்டினார். பெறாமகள் சம்மதிக்கும்வரை மூன்று முறை அழித்து இட்டார். வீக்கம் கண்டாலும் ஒன்றையொன்று நெருக்காத அளவு இடைவெளி விட்டார். உள்ளீடற்ற, ஒருமுறை மட்டுமே பயன்படும் கூரிய ஊசி ஒரு நொடியிற் புகுந்தது. அதன் வழியே தண்டு சென்றது. துப்பாக்கிக் கருவியோ மழுங்கிய தோட்டையே விசையால் அறைந்து குருத்தெலும்பை நசுக்குகிறது. அத்தோட்டின் குறுகிய தண்டும் பின்புறத்துச் சுரையும் வீங்கும் காதை இறுக்குகின்றன. இங்கே இட்ட தண்டு வீக்கத்துக்கு இடமளிக்கும்படி சற்று நீண்டிருந்தது. சில வாரங்களில் வந்து குறுகியதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

விடைபெறும்போது சொன்ன புத்திமதிகளை வாசகர்க்கும் சொல்லிவைப்போம். கிருமி நீக்கிய 0.9 வீத உப்புநீரால் நாளுக்கு இருமுறை கழுவுதல் போதும். கழுவுமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. மஞ்சள், எண்ணெய், மதுசாரம் எவையும் வேண்டா. தோட்டைத் திருகுதல் கூடாது. புண் ஆறுமட்டும் குளத்திலோ கடலிலோ தலை அமிழ்த்தி நீந்தலாகாது. முழுதும் ஆற ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை செல்லும். காது வரவரச் சிவந்து, சுட்டு, வீங்கி நொந்தால், தோட்டைத் தாமே கழற்றாது அன்றே வைத்தியரைக் காணவேண்டும்.

திரும்பும் வழியில் மீண்டும் அந்த மதகடியில் நின்றோம். நீர்மட்டம் உயர்ந்து, கதவு திறந்து, ஒரு படகு மெல்ல மேலே சென்றது. பெறாமகள் இடக்காதிற் சிறு மணிகள் இரண்டு மின்ன, மடியிலிருந்த பெட்டியைத் திறந்து பார்த்து மூடினாள்.

“பெரியம்மா, அடுத்த வேனிலுக்கு வருவீர்கள்தானே? இதைப் போடும்போது நீங்கள் பக்கத்தில் நிற்கவேண்டும்.”

வருவதாக வாக்களித்தோம். அம்மம்மாவின் காதைவிட்டு இறங்கிப் பெட்டிக்குள் நெடுங்காலம் கிடந்து, நாவற்குழிப் பாலத்தையும் கடந்துவந்த முருகுகள் அவை. இன்னும் ஓராண்டு காத்திருப்பது அவற்றுக்கு அரிதன்று.