நூலறிந்து வாங்குங்கள்

சென்ற மாதம் என் மகள் தன் கணவர், குழந்தைகளுடன் புதிய வாடகை வீட்டில் குடியேறினாள். சன்னல்களுக்குத் திரைச்சீலை வாங்கக் கடைக்குப் புறப்படும் முன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "உம்மா, எந்தத் துணி வாங்கலாம்?" என்று கேட்டாள். எந்த நிறம், எந்தப் பூ வேலைப்பாடு என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய இடது மணிக்கட்டில் ஒரு சிறு தழும்பு உண்டு. அந்தத் தழும்புக்கும் இந்தக் கேள்விக்கும் உள்ள தொடர்பைச் சகோதரிகளுக்குப் பயன்படுமே என்று இங்கே எழுதுகிறேன்.

நான் மேலப்பாளையத்தில் ஒரு நெசவாளியின் மகள். விடியலில் குழித்தறியில் இறங்கும் என் வாப்பா, வெளிச்சம் மங்கும் வரை கைலியும் படுக்கை விரிப்பும் நெய்வார். எனக்கு மணம் முடித்து அனுப்பியபோது தம் கையால் நெய்த நான்கு விரிப்புகளைச் சீரோடு சேர்த்து வைத்தார். நான் அவற்றை ஒரு நாளும் விரித்ததில்லை. தடித்த நூலும் கட்டம் போட்ட கோலமும் எனக்குப் பழைமையாகத் தோன்றின. அவற்றை இரும்புப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினேன்.

1997ஆம் ஆண்டு, சவூதியில் உழைத்து என் கணவர் அனுப்பிய பணத்தில் வீடு கட்டினோம். புது வீட்டில் எல்லாம் மின்ன வேண்டும் என்று விரும்பினேன். கூடத்துக்கு வழவழப்பான திரை, கட்டிலுக்குச் சாட்டின் விரிப்பு, அடுப்படிச் சன்னலுக்குச் சுருக்கு வைத்த பாலியஸ்டர் திரை என்று வாங்கிக் குவித்தேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் என் மாமி மட்டும் இரவில் கட்டிலை விட்டிறங்கித் தரையில் கோரைப்பாய் விரித்துப் படுத்தார். மகன் கட்டிய வீட்டில் மருமகளின் அலங்காரம் அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நான் உள்ளுக்குள் மனம் புழுங்கினேன்.

குடிபுகுந்த மூன்றாம் மாதம், ஒரு காற்று நாளில், அடுப்படித் திரையின் ஓரம் பறந்து எரிவாயு அடுப்பின் சுடரில் பட்டது. ஓடிச்சென்று அதை இழுத்தேன். உருகிய துளியொன்று, அருகில் நின்ற என் ஆறு வயது மகளின் மணிக்கட்டில் விழுந்து ஒட்டிக்கொண்டது. பதற்றத்தில் நான் அதைத் துடைத்தெடுக்க முயன்றேன். தோலும் சேர்ந்து வந்தது. மாமிதான் என் கையைத் தட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக் குழாய்த் தண்ணீரின் கீழ் கையை நீட்டிப் பிடித்தார்.

தீப்புண்ணைக் குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் வரை காட்ட வேண்டும், ஒட்டியதைப் பிய்க்கக் கூடாது, பற்பசையோ மையோ தடவாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதை நான் பின்னரே அறிந்தேன். படித்த எனக்குத் தெரியாததை, படிக்காத மாமி தம் அனுபவத்தால் செய்தார்.

மறுநாள் வாப்பா வந்தார். பேத்தியின் கைக்கட்டைப் பார்த்தார். கைத்தறியை ஒதுக்கியதற்காக என்னைக் கடிந்துகொள்வார் என்று தலைகுனிந்து நின்றேன். அவரோ ஓர் இடுக்கியும் ஒரு கிண்ணத்தில் நீரும் கேட்டு வாங்கி, கருகிய திரையிலிருந்து இரண்டு இழைகளை உருவி, நீருக்கு மேலே பிடித்துக் கொளுத்திக் காட்டினார். இழை சுடரைக் கண்டு சுருங்கி, உருகி, கரும்புகை விட்டுக் கடினமான மணியாய்த் திரண்டது. பின்னர், பெட்டியிலிருந்த தம் விரிப்பை எடுத்துவரச் சொன்னார். அதன் இழை மஞ்சள் சுடராய் எரிந்து, எரிந்த காகிதத்தின் மணத்தோடு மென்மையான சாம்பலாய் உதிர்ந்தது.

"பருத்தி எரியாது என்று எண்ணிவிடாதே, ம்மா. இதைவிட வேகமாகப் பற்றும். அடுப்புக்குப் பக்கத்தில் எந்தத் துணியும் தொங்கக் கூடாது. குறை துணியில் இல்லை, அதைத் தொங்கவிட்ட இடத்தில்தான்" என்றார். தம் தறியை உயர்த்தி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது எனக்குக் கடிந்துரையைவிடக் கனமாக இருந்தது.

அன்று மாலைவரை வாப்பா கற்பித்தவற்றையும், பின்னாளில் நானே படித்தறிந்தவற்றையும் சுருக்கித் தருகிறேன்.

இழையைக் கொளுத்திப் பார்க்கும் சோதனையைப் பெரியவர்கள் மட்டுமே, நீருக்கு மேலே, செய்ய வேண்டும். பாவிலிருந்து ஓர் இழை, ஊடையிலிருந்து ஓர் இழை எனத் தனித்தனியே எடுக்க வேண்டும். ஒன்று பருத்தியாகவும் மற்றொன்று பாலியஸ்டராகவும் இருக்கக்கூடும். பட்டும் கம்பளியும் முடி கருகிய நாற்றம் தரும். அவற்றின் கரி விரலில் நொறுங்கும். மரக்கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸ், பருத்தியைப் போலவே எரியும். ஆனால் நனைந்தால் அதன் வலிமை குறைந்துவிடும். ஆகவே அடிக்கடி துவைக்கும் விரிப்புக்கு அது ஏற்றதன்று.

சாட்டின் என்பது நூலின் பெயர் என்றே நான் எண்ணியிருந்தேன். அது நெசவின் பெயர். இழைகள் நீளமாக மேலே மிதந்து கிடப்பதால் பளபளக்கிறது. அதே காரணத்தால் வளையலிலும் நகத்திலும் சிக்கி இழுபடுகிறது. பட்டிலும் சாட்டின் உண்டு, பருத்தியிலும் உண்டு. நான் வாங்கியது பாலியஸ்டர்.

மாமி தரையில் படுத்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. நூறு கிராம் உலர்ந்த பருத்தி, காற்றிலிருந்து மட்டுமே ஏறத்தாழ எட்டு கிராம் ஈரத்தை உறிஞ்சி வைக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட உறிஞ்சாது. வியர்வை உடலிலேயே தங்கும். மாமியின் முதுகெங்கும் வேர்க்குரு. மருமகளின் மனம் நோகுமே என்று அவர் வாய் திறக்கவில்லை. அன்றிரவு வாப்பாவின் விரிப்பை அவர் கட்டிலில் விரித்தேன். மறுநாள் விடிந்த பிறகும் மாமி கட்டிலிலேயே உறங்கிக்கொண்டிருந்தார்.

அதற்காகப் பாலியஸ்டரைப் பகையாகக் கருத வேண்டியதில்லை. வெயில் அறையும் மேற்குச் சன்னலுக்கும், சாரல் அடிக்கும் பக்கத்துக்கும் அதுவே ஏற்றது. விரைவில் உலரும், எளிதில் சுருங்காது. அங்கே பட்டைத் தொங்கவிட்டால் வெயிலில் நைந்து கிழிந்துபோகும். பட்டுத்திரை வேண்டுமெனில் பின்புறம் பருத்தி உள்துணி வைத்துத் தைக்க வேண்டும். வெல்வெட் தூசியைப் பிடித்து வைக்கும். இளைப்பு நோயாளி உள்ள அறைக்கு அது வேண்டாம்.

பருத்தித் துணி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கக்கூடும். ஏழடித் திரை இரண்டரை முதல் நான்கு அங்குலம் வரை குறுகிவிடும். ஆகவே நனைத்து உலர்த்திய பின்னரே தைக்கக் கொடுங்கள். சன்னலின் அகலத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் மடிப்பு அழகாக விழும்.

நூலின் நம்பரையும் கேட்டறியுங்கள். ஒரு பவுண்டு பருத்தி நூலில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை உள்ளனவோ அதுவே அதன் நம்பர். எண் கூடக்கூட நூல் மெலியும். இருபதாம் நம்பர் நூல் விரிப்புக்கு உழைக்கும். சென்னிமலை, கரூர் விரிப்புகளும், பவானி ஜமுக்காளமும், நம் பெண்கள் நெய்யும் பத்தமடைப் பாயும் நம் வெப்பத்தை அறிந்து உருவானவை.

வாப்பா 2009இல் மறைந்தார். அவருடைய தறி அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது. நான்கு விரிப்புகளில் இரண்டு தேய்ந்து கைத்துணியாயின. ஒன்றில் மாமி தம் கடைசிக் காலத்தைக் கழித்தார். நான்காவதை, பேத்தியின் புது வீட்டுக்கு இம்முறை கொடுத்தனுப்பினேன்.

நான் சொன்னபடியெல்லாம் துணி வாங்கி முடித்துவிட்டு மகள் மீண்டும் அழைத்தாள். கூடத்துக்கு இது, படுக்கையறைக்கு இது என்று வரிசையாகச் சொன்னாள்.

"அடுப்படிச் சன்னலுக்கு என்ன வாங்கினாய்?" என்று கேட்டேன்.

"எதுவும் வாங்கவில்லை, உம்மா" என்றாள்.