முதல் குகை

நீங்கள் கடைசியாக எப்போது வழி தெரியாமல் முழித்தீர்கள்? நான் போன மாதம் முழித்தேன். அம்மையார்குப்பத்தில், அக்கா வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே!

திருத்தணியில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். தெருவெல்லாம் 'டடக் டடக்' என்று விசைத்தறிச் சத்தம். ப்ளஸ் டூ முடித்த அக்கா மகன் லேப்டாப்பில் ஏதோ விளையாடிக்கொண்டு இருந்தான். ''என்ன படிக்கப்போறேன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான். நாலு நல்ல வார்த்தை சொல்லுடா'' என்றாள் அக்கா. என்னை வரச் சொன்னதே அதற்குத்தான்.

''என்னடா, படமெல்லாம் கட்டம் போட்ட லுங்கி மாதிரி இருக்கு?'' என்றேன்.

''கேவ் ஸ்டோரி மாமா. பழைய ஸ்டைல்ல பண்ணினது. விளையாடிப் பாருங்க!''

ஹீரோ ஒரு குகையில் கண்விழிக்கிறான். தான் யார் என்றே நினைவில்லை. எங்கே போவது என்று நமக்கும் யாரும் சொல்வதில்லை. மரியோ என்றால் கவலையில்லை, வலது பக்கம் ஓடினால் போதும். 1986-ல் வந்த 'மெட்ராய்டு', ஆரம்பத்திலேயே இடது பக்கமும் போகவைத்துச் சுற்றவிட்டது. இது அந்த வம்சம். ஊருக்குள் போகும் வழியைக் கல் அடைத்திருக்கிறது. தூங்கும் கிழவர் ஒருவரின் அறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து வந்தால்தான் உடையும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம்!

''சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா...''

''சொல்லிட்டா அப்புறம் என்ன மாமா இருக்கு?''

இதைச் செய்தவர் ஜப்பானின் டைசுகே அமாயா. புனைபெயர் 'பிக்சல்'. கதை, படம், இசை, புரோகிராம் எல்லாம் ஒற்றை ஆள். ஓய்வு நேரத்தில் ஐந்து வருடம் உழைத்து, 2004 டிசம்பரில் இலவசமாகக் கொடுத்துவிட்டார். என் பி.காம். புத்தி உடனே கணக்குப் போட்டது. செலவு ஐந்து வருடம், வரவு பூஜ்யம்! ஆனால், அதே விளையாட்டு 2010-ல் நின்டெண்டோவின் 'வீ' கருவிக்கு விலைக்கு வந்தது.

அந்த பி.காம். கூட நான் தேடியது இல்லை. ''பேங்க் வேலை கிடைக்கும்'' என்று அப்பா கைகாட்டினார், ஓடினேன். பேங்க் கிடைக்கவில்லை. வழி தவறித்தான் பத்திரிகைக்கு வந்தேன். அதே நான், இவனுக்குக் கைகாட்ட பஸ் ஏறி வந்திருக்கிறேன்!

கிளம்பும்போது, ''போனாப் போகுது, ஒண்ணு மட்டும் சொல்றேன் மாமா'' என்றான். ''அந்தப் பழைய துப்பாக்கியை நடுவுல யார்கிட்டயும் மாத்திக்காம வெச்சிருந்து, கடைசியில முதல் குகைக்கே திரும்பிப் போங்க. கிழவர் முழிச்சிருப்பார். அதையே பெரிய ஆயுதமா ஆக்கிக் கொடுப்பார்.''

''கொஞ்சம் சுத்தட்டும்க்கா, தானா வழி கிடைக்கும்'' என்றேன் அக்காவிடம்.

''ராத்திரியும் தறி ஓட்டினாத்தான் இவன் ஃபீஸ். இவன் சுத்திட்டிருந்தா யாருடா கட்டறது?''

நியாயம்தானே? சுற்றுவதற்கும் காசு வேண்டியிருக்கிறது.

''முதல் வருஷ ஃபீஸை நான் பார்த்துக்கறேன். எதுவானாலும் அவனே முடிவு பண்ணட்டும்'' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!